அவித்த பிறகு இடிப்பது: ஊரிகத்து அடுப்பில் கொரியத் தொக்பொக்கி

விரல் பருமனில் உருட்டிய அரிசி மாவுத் துண்டுகளைச் சிவந்த குழம்பில் கொதிக்கவிட்டு, குழம்பு சுண்டித் துண்டுகளோடு ஒட்டிக்கொள்ளும் பதத்தில் இறக்கினால் அது தொக்பொக்கி. கொரிய மொழியில் ‘தொக்’ என்பது அரிசி மாவுப் பண்டங்களுக்குப் பொதுப்பெயர். ‘பொக்கி’ என்றால் வறுத்தது, வதக்கியது. அதே குழம்பில் ராம்யோன் எனப்படும் கொரிய நூடுல்ஸையும் போட்டால் பெயர் ராபொக்கி ஆகிவிடும். சோல் நகரத்தில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் தெருவோரக் கடையில் நின்றபடியே தின்னும் இந்தப் பண்டம் இன்று கோலார் தங்கவயலின் வீடுகளிலும் பேச்சாகிவிட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலைச் சேர்ந்த மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் காலையில் ரயில் ஏறி, பெங்களூருவில் வேலை பார்த்து, இருட்டிய பின் வீடு திரும்புவது பல குடும்பங்களின் அன்றாடமாகிவிட்டது. அந்த நகரத்தில் கொரியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. கொரியத் தொடர்களோ கைப்பேசியிலேயே ஓடுகின்றன. ஆசைப்பட்டுக் கேட்கும் பிள்ளைக்கு வீட்டில் கிடைப்பது மட்டும் பெரும்பாலும் கண்ணில் நீர் வரவைக்கும் ஒரு நூடுல்ஸ் பாக்கெட்.

அந்தப் பாக்கெட்டால்தான் இந்தப் பண்டத்தைப் பற்றிய தவறான எண்ணம் பரவியிருக்கிறது. எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு கொரியச் சுவை என்று பலர் நினைக்கிறார்கள். தொக்பொக்கியின் உயிர் மாவுச்சத்தில் இருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். மெல்லும்போது பல்லுக்கு எதிர்த்து நின்று பிறகு இணங்கும் துண்டு ஒன்று, அதன் மேல் வழியாமல் படியும் குழம்பு ஒன்று. இரண்டையும் உண்டாக்குவது மாவுச்சத்துதான். கொழுக்கட்டை அவிக்கத் தெரிந்த வீட்டுக்கு இதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும். தெரியாமல் விட்டுப்போனது ஒரே ஒரு வேலை. மாவை அவித்த பிறகு, சூடு ஆறுமுன் இடித்துப் பிசைவது. அதைச் சேர்த்துக்கொண்டால் பாக்கெட்டின் துணையில்லாமல், ஊரிகத்துச் சந்தையிலும் மளிகையிலும் கிடைப்பதைக் கொண்டே இதை நன்றாகச் செய்ய முடியும்.

உறைப்பு வருமுன்னும் இருந்த பண்டம்

தொக்பொக்கியின் உயிர் உறைப்பில் இல்லை என்பதற்குச் சான்று இந்தப் பண்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கொரியச் சமையல் நூல்களிலேயே தொக்பொக்கி உண்டு. அந்தப் பழைய தொக்பொக்கியில் மிளகாய் இல்லை. அரிசித் துண்டுகளை மாட்டிறைச்சியோடும் காய்களோடும் சோயா சாஸ் ஊற்றி வதக்கியிருக்கிறார்கள். அரண்மனைத் தொக்பொக்கி என்ற பெயரில் இன்றும் அது சமைக்கப்படுகிறது. இப்போது நாம் அறிந்த சிவப்புத் தொக்பொக்கி, கொரியப் போர் ஓய்ந்த 1953இல் சோலின் சிந்தாங்தோங் பகுதியில் மா போக்ரிம் என்ற பெண்மணி நடத்திய சிறு கடையில் பிறந்தது என்று கொரியர்கள் சொல்கிறார்கள். அரிசித் துண்டோடு கோச்சுஜாங் என்னும் புளித்த மிளகாய் விழுதை அவர் சேர்த்தார். அந்தப் பகுதி இன்றும் தொக்பொக்கித் தெருவாகவே அறியப்படுகிறது. மேசை நடுவே அடுப்பை வைத்து, அரிசித் துண்டும் நூடுல்ஸும் முட்டையும் ஒன்றாகக் கொதிக்க, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கம்.

அடுத்து வந்த மாற்றம் இன்னும் முக்கியமானது. 1960களிலும் 70களிலும் தென் கொரியாவில் அரிசிக்குத் தட்டுப்பாடு. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவை மக்கள் உண்ண வேண்டும், அரிசியை மிச்சப்படுத்த வேண்டும் என்று அரசு பெரிய இயக்கமே நடத்தியது. தெருக்கடைகளில் அரிசித் தொக்கின் இடத்துக்குக் கோதுமைத் தொக் வந்தது. 1963இல் சாம்யாங் நிறுவனம் கொரியாவின் முதல் உடனடி ராம்யோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொக்பொக்கிக் குழம்பில் நூடுல்ஸ் விழுந்தது அதற்குப் பிறகுதான். ஆக, ஒரு காலத்தில் இதில் மிளகாய் இல்லை. இன்னொரு காலத்தில் அரிசியே இல்லை. அப்போதும் மக்கள் இதைத் தொக்பொக்கி என்றே அழைத்தார்கள், தொக்பொக்கி என்றே தின்றார்கள். எல்லா மாற்றத்துக்கும் தப்பி நின்றவை இரண்டு: துண்டின் மெல்லுபதமும் குழம்பின் ஒட்டுபதமும். வீட்டில் செய்பவர் தன் கவனத்தை முதலில் இந்த இரண்டின் மேல் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

கொழுக்கட்டை முடியும் இடம், தொக் தொடங்கும் இடம்

தமிழ்ச் சமையலில் தொக்குக்கு மிக நெருங்கிய உறவு அம்மிணிக் கொழுக்கட்டை. பச்சரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறி, சுண்டைக்காய் அளவு உருட்டி, ஆவியில் அவித்து, கடுகு கறிவேப்பிலை தாளித்துப் புரட்டுகிறோம். கொரியரும் பச்சரிசியைத்தான் ஊறவைத்து, ஈரமாக அரைத்து, உப்பிட்டு, ஆவியில் அவிக்கிறார்கள். அதிரசத்துக்கும் புட்டுக்கும் நாம் ஈர மாவு இடிப்பதும் இதே முறைதான். இதுவரை இரண்டு பாதையும் ஒன்று. நாம் அவித்ததோடு நிறுத்திவிடுகிறோம். அவர்களுக்கு அங்கேதான் முக்கிய வேலை தொடங்குகிறது. அவிந்த மாவைச் சூட்டோடு உலக்கையாலோ மரச் சுத்தியலாலோ இடிக்கிறார்கள். ஆலைகளில் இயந்திரம் அதை அழுத்தி நீளக் குழலாக வெளித்தள்ளுகிறது. சூட்டில் நீர் குடித்து ஊதி உடைந்த மாவுமணிகள் இடிபடும்போது ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இடையில் நின்ற காற்றும் வெளியேறுகிறது. பிட்டால் உதிர்கிற கொழுக்கட்டைக்கும் இழுத்தால் நீள்கிற தொக்குக்கும் உள்ள வேறுபாடு இந்த இடியில் இருக்கிறது.

நம் அரிசி இதற்கு உதவாது என்று ஒரு தடை சொல்லப்படும். அது வெறும் சாக்கு அன்று, அதில் உண்மை இருக்கிறது. அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. நேரான சங்கிலி போன்றது அமைலோஸ், கிளைவிட்டது அமைலோபெக்டின். அமைலோஸ் கூடினால் சோறு உதிரி உதிரியாக இருக்கும், ஆறினால் விறைக்கும். குறைந்தால் ஒட்டும், ஆறினாலும் மென்மை நிற்கும். கொரியரின் குட்டைமணி அரிசியில் அமைலோஸ் 20 விழுக்காட்டுக்குள் இருக்கும். நம் ஊர் அரிசி பலவற்றில் அது 25 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். சோனா மசூரியைச் சோறாக விரும்புகிறோம் என்றால் அந்த உதிரித்தன்மைதான் காரணம். கொரியரும் இதே சிக்கலைச் சந்தித்தவர்கள். அரிசித் தட்டுப்பாட்டைத் தீர்க்க 1970களில் அவர்கள் பரப்பிய தோங்கில் என்ற நெல், நம் வயல்களும் அறிந்த ஐ.ஆர்.8இன் வாரிசு. விளைச்சலை அது பெருக்கியது, ஆனால் சோற்றில் பழைய ஒட்டும் குணம் இல்லையென்று மக்கள் மனம் ஒப்பவில்லை. நாளடைவில் அது வயலைவிட்டே போயிற்று. எனவே தடையை மறுக்க வேண்டாம். விடையைத் தேடுவோம்.

விடை சேலத்தில் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தில் அமைலோஸ் குறைவு. வெந்தால் கண்ணாடி போலத் தெளிந்து, இழுபட்டு நிற்கும். அந்த மாவுதான் ஜவ்வரிசி. வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் ஊரில் ஜவ்வரிசி அறியாத அடுப்படி இருக்காது. வடாமாகவும் பாயசமாகவும் பழகிய பொருள்தான். 2 கப் பச்சரிசி மாவுக்கு 4 மேசைக்கரண்டி பொடித்த ஜவ்வரிசி சேர்த்தால் அரிசியின் விறைப்பு இளகி, மெல்லுபதம் வந்துவிடும். மாவு ஜவ்வரிசி என்று விற்பதை வாங்கி மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயத்தில் கப் என்றால் 250 மில்லி. இடியாப்ப மாவு ஆகும், ஈரமாக அரைத்த மாவு அதைவிட நன்று. புழுங்கலரிசி மாவு வேண்டாம். நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து இறுகிய அரிசி இரண்டாம் முறை அவ்வளவாக இழுபடாது.

மாவோடு முக்கால் தேக்கரண்டி உப்பைக் கலந்து, தளதளவெனக் கொதிக்கும் நீர் ஒன்றேகால் கப்பைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். ஈர மாவானால் நீர் இதில் பாதிக்கும் குறைவாகவே பிடிக்கும், கைப்பதம் பார்த்து நிறுத்துங்கள். சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாக வந்ததும் சிறு அடைகளாகத் தட்டி, இட்லிப் பானையில் ஈரத்துணி விரித்து அவிக்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் 850 மீட்டர் அளவில் இருக்கும் ஊர் இது. இங்கே நீர் 97 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே சென்னையில் 20 நிமிடம் என்றால் இங்கே 25 நிமிடம் வையுங்கள். வெந்த மாவு வெண்மை மங்கி, மெழுகு போல் லேசாகப் பளபளக்கும். உடனே உரலில் போட்டு இடிக்கலாம். உரல் இல்லையென்றால் அகலமான தட்டில் போட்டு, நனைத்த உலக்கை நுனியாலோ தடித்த டம்ளரின் அடிப்பக்கத்தாலோ அழுத்தி மடித்து மீண்டும் அழுத்துங்கள். குறைந்தது 8 நிமிடம். தொடக்கத்தில் பிசுபிசுக்கும், போகப்போகத் தோல் போல் வழவழப்பாகும். அந்த மாற்றம் தெரியும் வரை நிறுத்தக் கூடாது. பிறகு கையில் நல்லெண்ணெய் தடவி, சுண்டுவிரல் பருமனில் நீள உருட்டி, இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள். விரியாமல் வளைந்தால் இடி போதும். வெடித்தால் மீண்டும் 5 நிமிடம் அவித்து இன்னொரு முறை இடிக்க வேண்டும்.

மிளகாயும் கோச்சுஜாங்கும்

குழம்பின் சிவப்புக்குக் கொரியர் பயன்படுத்துவது கோச்சுகாரு என்னும் மிளகாய்ப் பொடி. விதை நீக்கி, வெயிலில் காயவைத்து, கொரகொரப்பாக இடித்தது. நிறம் மிகுதி, காரம் மிதம், அடியில் ஓர் இனிப்பு. இந்த விவரணையைப் படிக்கும் கர்நாடகத்துக்காரருக்கு உடனே நினைவுக்கு வர வேண்டியது பேடகி மிளகாய். ஹாவேரி மாவட்டத்துப் பேடகி ஊரின் பெயரைத் தாங்கிய, சுருங்கிய தோலுடைய அந்த மிளகாய் நிறத்துக்காகவே வாங்கப்படுவது. ஒரு பக்கம் சேலத்து ஜவ்வரிசி, மறுபக்கம் ஹாவேரி மிளகாய். இரண்டும் அன்றாடம் புழங்கும் தமிழ் அடுப்படி ஊரிகத்தினுடையது. தொக்பொக்கியை வீட்டிலேயே செய்யலாம் என்று இந்த ஊரைப் பார்த்துச் சொல்ல இதுவே தனிக் காரணம். மூன்று பங்கு பேடகிக்கு ஒரு பங்கு குண்டூர் மிளகாய் எடுத்து, காம்பும் விதையும் நீக்கி, நல்ல வெயிலில் காயவைத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். வறுக்க வேண்டாம். மிளகாயை வறுத்துப் பொடிப்பது நம் கையோடு பிறந்த பழக்கம், ஆனால் வறுத்த வாசம் வந்த நொடியே குழம்பு சாம்பார் பக்கம் சாய்ந்துவிடும். கொரியக் குழம்புக்கு வேண்டியது வெயிலில் காய்ந்த மிளகாயின் பழ வாசம்.

கோச்சுஜாங் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது மிளகாய்ச் சட்னி இல்லை. அவித்த சோயாவைக் கட்டியாக்கிப் புளிக்கவைத்த மேஜு, ஒட்டரிசி, முளைகட்டிய வாற்கோதுமை, மிளகாய்ப் பொடி, உப்பு எல்லாம் சேர்ந்து மண்சாடியில் மாதக்கணக்கில் கிடந்து பழுத்த விழுது. இத்தகைய புளித்த விழுதுகளைச் செய்யும் கொரிய மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மாதங்கள் செய்த வேலையை அரை மணி நேரத்தில் யாராலும் செய்துவிட முடியாது. பெங்களூருக்குப் போய் வரும் ஒருவர் வீட்டில் இருந்தால், வாங்கிவரச் சொல்ல வேண்டிய ஒரே பொருள் இந்த விழுது. ஒரு டப்பா குளிர்பெட்டியில் பல மாதம் தாங்கும். நூடுல்ஸ் பாக்கெட்டுகளுக்குக் கொடுக்கும் பணத்தை இதில் போட்டால் பத்துச் சமையலுக்கு வரும்.

கிடைக்கவில்லையென்றால் சமையலைக் கைவிட வேண்டுமா? வேண்டாம். மிளகாய்ப் பொடி 2 மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, கெட்டி வெல்லப்பாகு 2 மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி பச்சரிசி மாவைக் கால் கப் நீரில் காய்ச்சிய கூழ், நசுக்கிய பூண்டு 4 பல். இவற்றை ஒன்றாகக் குழைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டால் நிறமும் இனிப்பும் ஒட்டுபதமும் வந்துவிடும். புளித்த சோயாவின் ஆழம் மட்டும் குறைவாகவே இருக்கும், சோயா சாஸ் அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். கோலார் மாவட்டத்துச் சமையல்காரருக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று பக்கத்திலேயே இருப்பதால் கை தானாகத் தக்காளிக்குப் போகும். தக்காளியின் புளிப்பு முன்னால் வந்து நின்றால் மற்ற எல்லாம் பின்னால் போய்விடும். கடைகளில் சிலர் தக்காளி சாஸ் ஊற்றுவதுண்டு. குழந்தைகளுக்காக ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் தவறில்லை. அரைத்த தக்காளியை அடிக்குழம்பாக வைப்பது வேறு பண்டம்.

நெத்திலித் தண்ணீர்

கடைத் தொக்பொக்கிக்கும் வீட்டுத் தொக்பொக்கிக்கும் உள்ள வேறுபாட்டை மிளகாயில் தேடுபவர்கள் கவனிக்காத ஒன்று, அடியில் ஊற்றும் நீர். கொரியர் காய்ந்த நெத்திலியையும் கடற்பாசியையும் கொதிக்கவைத்து வடித்த நீரில்தான் குழம்பு வைக்கிறார்கள். நெத்திலிக் கருவாடு நமக்குப் புதியதா? புதியது அதைக் குழம்பில் மிதக்கவிடாமல் சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. நம் கருவாட்டில் உப்பும் மணலும் கூடுதல். ஒரு கைப்பிடி எடுத்து, தலையும் குடலும் கிள்ளி எறிந்து, வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து இருமுறை அலசுங்கள். தலையையும் குடலையும் விட்டால் கசப்பு இறங்கும். வெறும் வாணலியில் ஈரம் போகப் புரட்டி, 4 கப் நீரும் நான்கைந்து வில்லை முள்ளங்கியும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்துவிடுங்கள். அதற்கு மேல் கொதித்தால் கருவாட்டு நெடி ஏறும். சைவர்கள் முள்ளங்கி, முட்டைக்கோஸ் தண்டு, வெங்காயம், கிடைத்தால் காய்ந்த காளான் போட்டு 20 நிமிடம் கொதிக்கவைத்த நீரைப் பயன்படுத்தலாம். வெறும் தண்ணீர் ஊற்றினால் சுவைக் குறையை ஈடுகட்ட மிளகாயும் சர்க்கரையும் கூட்டத் தோன்றும். உறைப்பு எல்லை மீறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுப்பில் ஏற்றுவது

மூன்று நான்கு பேருக்கு 400 கிராம் அரிசித் துண்டு போதும். அகலமான, ஆழம் குறைந்த வாணலியை எடுங்கள். குழம்பு சுண்ட வேண்டிய சமையலுக்குக் குறுகிய பாத்திரம் ஆகாது. வடித்த நீரில் 3 கப் ஊற்றி, கோச்சுஜாங் 3 மேசைக்கரண்டி, மிளகாய்ப் பொடி 1 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் ஒன்றரை மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு 5 பல் சேர்த்துக் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். கோச்சுஜாங் இல்லாதவர்கள் முன் சொன்ன விழுது முழுவதையும் போட்டால் போதும். தனியாக மிளகாய்ப் பொடி, சோயா சாஸ், வெல்லம், பூண்டு எதுவும் வேண்டாம். உப்பை இப்போது தொடாதீர்கள். கருவாடும் விழுதும் சோயா சாஸும் தம் உப்பைக் கொண்டுவந்திருக்கின்றன. கொதி வந்ததும் அரிசித் துண்டுகளையும் பெரிதாக நறுக்கிய முட்டைக்கோஸையும் போட்டு நடுத்தணலில் வையுங்கள். அன்றே செய்த துண்டு 8 நிமிடத்தில் தயாராகும். முந்தைய நாள் செய்தது 12 நிமிடம் கேட்கும்.

இந்த 8 நிமிடமும் அடுப்பைவிட்டு நகரக் கூடாது. அரிசித் துண்டின் மேல்தோலிலிருந்து மாவு கசிந்து குழம்பில் கரைகிறது. குழம்பைக் கெட்டியாக்குவது அதுதான். அதே மாவு அடியில் தங்கினால் பிடித்துக்கொள்ளும். மரக்கரண்டியால் அடியைத் தடவிக்கொண்டே இருங்கள். குழம்பு பாதியாகச் சுண்டி, கரண்டி இழுத்த தடம் ஒரு நொடி நின்று பிறகு மூடும்போது வெங்காயத்தாளும் அவித்த முட்டையும் சேர்த்து இறக்குங்கள். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால், போதாது என்று தோன்றும் பதமே சரியான பதம். சோள மாவு கரைத்து ஊற்றும் குறுக்குவழி வேண்டாம். அது பளபளப்பைத் தரும், ஆனால் குழம்பும் துண்டும் ஒரே மாவால் பிணையும் ஒட்டு வராது. மேலே தூவ எள்ளை வறுத்து நசுக்கிக்கொள்ளுங்கள். கொரியர் கடைசியில் விடும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. அந்த வாசத்தை எண்ணெயில் எதிர்பார்க்காமல் வறுத்த எள்ளிலிருந்து பெறுவதே நம் வீட்டுக்கு ஏற்ற வழி.

நூடுல்ஸ் சேர்க்கும்போது

ராபொக்கியில் பலர் சறுக்குவது நீர்க்கணக்கில். நூடுல்ஸ் குழம்பைக் குடிக்கும், குடித்துக்கொண்டே தன் மாவையும் குழம்பில் விடும். எனவே ஒரு பாக்கெட்டுக்கு முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் நீர் கூடுதலாக ஊற்ற வேண்டும். வடித்த நீரில் மிச்சமிருப்பது இதற்குத்தான். போடும் நேரமும் முக்கியம். அரிசித் துண்டு முக்கால் பங்கு வெந்த பிறகே நூடுல்ஸ் இறங்க வேண்டும். கொரிய ராம்யோன் தடிமனானது, நாலைந்து நிமிடம் வேகும். மெல்லிய இந்திய நூடுல்ஸுக்கு இரண்டு நிமிடம் போதும். கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள், தட்டுக்குப் போகும் வழியில் மீதி வெந்துவிடும். பாக்கெட்டுக்குள் வரும் மசாலாவை ஒதுக்கிவிடலாம். குழம்பு ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது. ஆசைக்குக் கால் பங்கு தூவினால் அதற்கேற்பச் சோயா சாஸைக் குறையுங்கள்.

உடம்புக்கு ஆகுமா என்ற கேள்வி

இவ்வளவு உழைப்பு எதற்கு, பாக்கெட்டை உடைத்தால் 5 நிமிட வேலைதானே என்பவர்களுக்கும், இந்த உறைப்பு பிள்ளைகளுக்கு ஆகாது என்பவர்களுக்கும் பதில் ஒன்றே. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொரிய நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றே ஒன்றரை கிராமைத் தாண்டுவது சாதாரணம். 2024 ஜூனில் டென்மார்க் அரசின் உணவுத் துறை, சாம்யாங் நிறுவனத்தின் மூன்று வகை உறைப்பு நூடுல்ஸைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் ஒரு பாக்கெட்டில் சேரும் அளவு மிகுதி, குழந்தைகளுக்கு ஆபத்து என்பது அது சொன்ன காரணம். மறு ஆய்வுக்குப் பின் அடுத்த மாதமே அவற்றில் இரண்டு மீண்டும் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டன. இதிலிருந்து கொரியச் சாப்பாடே கெடுதல் என்று முடிவுகட்டுவது சரியாகாது. அளவு நம் கையில் இல்லாத சாப்பாட்டில்தான் இடர் இருக்கிறது. வீட்டுக் குழம்பில் குண்டூர் மிளகாயை முற்றிலும் விலக்கி, பேடகியை மட்டும் போட்டால் நிறம் அப்படியே நிற்கும், காரம் இறங்கிவிடும். பாக்கெட்டில் அதற்கு இடமே இல்லை. யாருக்காவது உறைத்துவிட்டால் தண்ணீர் கொடுப்பதில் பயனில்லை. கேப்சைசின் நீரில் கரையாது. பாலோ தயிரோ கொடுங்கள், அவற்றின் கொழுப்பும் புரதமும் அதைப் பிடித்து இறக்கும்.

உறைப்பைவிடக் கவலைப்பட வேண்டிய ஒன்று வேறு இருக்கிறது. நன்றாக இடித்த அரிசித் துண்டு இழுபடும், எளிதில் உடையாது. அவசரமாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். சிறு பிள்ளைகளுக்கும் பல் போன முதியவர்களுக்கும் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கி, பக்கத்தில் இருந்து நன்றாக மென்று தின்னச் சொல்லிக் கொடுங்கள்.

நம் பலகாரங்களே ஆயிரம் இருக்க அயல்நாட்டுப் பண்டம் எதற்கு என்ற கேள்வியும் வரும். மதித்து விடை சொல்ல வேண்டிய கேள்விதான். பண்டத்தைப் பாக்கெட்டாக மட்டும் வாங்கும் வீட்டுக்கு அது பழக்கத்தைத் தவிர ஒன்றும் விட்டுச் செல்வதில்லை. செய்முறையாக வாங்கிக்கொண்ட வீட்டுக்கு ஒரு நுட்பம் மிஞ்சும். அவித்த மாவை இடித்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை கையால் அறிந்தவர், அம்மிணிக் கொழுக்கட்டைக்கும் அதே மாவைக் கையாண்டு பார்க்கலாம். அடுத்த நாள் வரை உதிராத கொழுக்கட்டை கிடைக்கும். அயலிலிருந்து வந்த மிளகாயை நாம் வாங்கிக்கொண்டதும் இப்படித்தான். இன்று அதை யாரும் அயல் என்று சொல்வதில்லை.

மிச்சத்தை வைத்திருப்பது

கூடுதலாகச் செய்த அரிசித் துண்டுகளை எண்ணெய் தடவி, ஒன்றோடொன்று படாமல் அடுக்குங்கள். குளிர்பெட்டியின் சாதாரண அறையில் வைத்தால் ஒரே இரவில் கல்லாகிவிடும். உறையாத குளிரில்தான் மாவுச்சத்து மிக விரைவாக இறுகும். ஊரிகத்து மார்கழிக் காலையில் வெளியே வைத்த துண்டும் விறைத்திருப்பது இதனால்தான். உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். விறைத்த துண்டைத் தூக்கி எறிய வேண்டாம், இடித்த இடிப்பு அதற்குள் அப்படியே இருக்கிறது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்துக் குழம்பில் போட்டால் பழைய இளக்கம் திரும்பும்.

துண்டுகள் தீர்ந்த பிறகு வாணலியில் கொஞ்சம் குழம்பு நிற்கும். கொரியர் அதை வீணாக்குவதில்லை. ஆறிய சோற்றை அதில் கொட்டி, அடி லேசாகப் பிடிக்கும் வரை அழுத்திப் புரட்டித் தின்கிறார்கள். நம் வீட்டிலும் காலையில் வடித்த சோனா மசூரிச் சோறு ஒரு கப் இருந்தால் போதும். தனித்தனியாக உதிர்ந்து கிடந்த அந்தச் சோறு, அரிசித் துண்டிலிருந்து கசிந்த மாவைப் பூசிக்கொண்டு ஒன்றோடொன்று பிடித்து எழும். சேர்ந்து எழுந்தால் குழம்பின் பதம் சரியாக வந்திருக்கிறது. உதிர்ந்தே கிடந்தால் அடுத்த முறை இன்னும் இரண்டு நிமிடம் சுண்டவிடுங்கள். மிளகாயைக் கூட்ட வேண்டாம்.